சட்டை காயுது ஏழாம் மாடியில

எங்கள் பாடல் காணொளியில் ஒரு சட்டை 11 விநாடி தொங்குகிறது. வெளிர் நீலச் சட்டை. சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக், ஏழாம் மாடி, சமையலறைச் சன்னலுக்கு வெளியே நீட்டிய மூங்கில் கழி. காற்று லேசாக அடிக்கிறது, ஒரு கை மட்டும் ஆடுகிறது. அந்த நேரத்தில் பாட்டும் நின்றுவிடுகிறது. மூன்றே முக்கால் நிமிடப் பாட்டில் 11 விநாடி என்பது ரொம்ப நீளம். கல்லூரியில் திரையிட்ட அன்று அதிகம் பேர் கேட்டது இதைத்தான். அதை ஏன் வெட்டவில்லை?

அன்றைக்கு மேடையில் நின்று நான் சொன்ன பதில் எனக்கே பிடிக்கவில்லை. "மௌனத்துக்கு ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தோம்" என்று ஏதோ சொன்னேன். உண்மைக் காரணம் அது இல்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் மற்ற முடிவுகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பாட்டு என் தோழியுடையது. எழுதியதும் மெட்டமைத்ததும் பாடியதும் அவளே. பலதுறைத் தொழிற்கல்லூரியில் எங்கள் இறுதியாண்டுப் படைப்பு. நாங்கள் நான்கு பேர்: அவள், இயக்கத்துக்கு நான், கேமராவுக்கும் படத்தொகுப்புக்கும் ஒரு சீன நண்பன், ஒலிப்பதிவுக்கு ஒரு மலாய்த் தோழி.

தோழியின் அப்பா பாதுகாவலர். இரவு வேலை. மாலை 7 மணிக்குப் போனால் காலை 7 மணி வரை, வாரத்தில் ஆறு நாள். அவள் உயர்நிலைப் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் வேலையிடத்தை விட்டுக்கூடக் கிளம்பியிருக்க மாட்டார். மதியம் அவள் திரும்பும்போது தூங்கிக்கொண்டிருப்பார். சிசிஏ (பள்ளியின் இணைப்பாட நடவடிக்கை) இருக்கிற நாட்களில் அவர் வேலைக்குப் போன பிறகுதான் இவள் வீடு வந்து சேருவாள். அப்பா வீட்டில் இருக்கிறாரா என்று கீழே நின்றபடியே தெரிந்துகொள்ள அவளிடம் ஒரு வழி இருந்தது. காலையில் அவர் வந்ததும் அம்மா சீருடைச் சட்டையைத் துவைத்துக் கழியில் போடுவார். மாலை ஆறு மணிக்கு அதையே எடுத்து, இஸ்திரி போட்டு, மாட்டிக்கொண்டு கிளம்புவார் அப்பா. அண்ணாந்து பார்க்கும்போது சட்டை தொங்கினால் அப்பா உள்ளே தூங்குகிறார். கழி காலியாக இருந்தால் போய்விட்டார்.

அவளுடைய பல்லவி அங்கிருந்துதான் பிறந்தது.

சட்டை காயுது ஏழாம் மாடியில
சத்தம் போடாம ஏறி வா

இதை முதலில் கேட்ட அன்றே எனக்குப் படம் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்த படத்தைக் காப்பாற்றுவது சுலபமாக இல்லை. "தமிழ்ப் பாட்டு, சரி, தேக்காவில் எப்போது எடுக்கிறீர்கள்?" என்று எங்களைக் கேட்காதவர்கள் குறைவு. தேக்கா என்பது இங்குள்ள லிட்டில் இந்தியா வட்டாரம். தீபாவளி சமயத்தில் சிராங்கூன் சாலை முழுவதும் விளக்கலங்காரம் இருக்கும், கேம்பல் லேனில் பூமாலைக் கடைகள் இருக்கும், செலவில்லாமல் வண்ணம் கிடைக்கும் என்றார்கள். எல்லாம் உண்மை. எனக்கும் தேக்கா பிடிக்கும். ஆனால் தேக்கா நாங்கள் ஞாயிற்றுக்கிழமை போகிற இடம். இந்தப் பாட்டு செவ்வாய்க்கிழமையில் நடக்கிறது. புத்தகப் பையோடு ஒரு பிள்ளை வாடகை லாரி நிறுத்துமிடத்தைத் தாண்டி, கீழ்த்தளத்துக் கல்மேசைகளைத் தாண்டி, மின்தூக்கிக்கு நடந்து வருகிற ஒரு செவ்வாய்க்கிழமை. தமிழில் யோசிக்கிற பிள்ளை அங்கேயும் தமிழில்தான் யோசிக்கிறாள். பின்னால் கோபுரம் தெரிந்தால்தான் அது தமிழ்ப் படம் என்றால், எங்களில் பலருடைய வீடுகள் எந்தப் படத்திலும் வரவே முடியாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

தேக்காவுக்கு ஒரே ஒரு முறை போனோம். சந்தைக் கட்டடத்தின் மேல்மாடித் துணிக்கடைகளில் சட்டை வாங்க. வேலையிடத்துச் சின்னம் உள்ள சீருடையைப் படத்தில் காட்டக் கூடாது என்பதால் சின்னமில்லாத நீலச் சட்டை ஒன்று வாங்கினோம். எத்தனை முறை துவைத்தும் அது புதுச் சட்டையாகவே இருந்தது. கழியில் போட்டால் விறைத்துக்கொண்டு நின்றது. கடைசியில் தோழியின் அம்மா அலமாரியிலிருந்து ஒரு பழைய சட்டையை எடுத்துக் கொடுத்தார். எப்போதோ அங்கிள், அதாவது தோழியின் அப்பா, வேலை பார்த்த இடத்துச் சட்டை. தோளிலும் பையிலும் இருந்த சின்னங்களை அம்மாவே உட்கார்ந்து பிரித்தார். பிரித்த இடத்தில் வெளுக்காத நீலம் சதுரமாக நின்றது, சுற்றிலும் ஊசித் துளைகள். கேமரா நண்பன் அதைப் பார்த்துவிட்டு, கணினியில் அழித்துவிடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். எத்தனை வருடம் அந்தச் சட்டை வெயிலில் காய்ந்தது என்பதை அந்தச் சதுரம் சொல்கிறது.

சட்டையை எங்கிருந்து எடுப்பது என்பதில் எனக்கும் நண்பனுக்கும் ஒரு வாரம் வாக்குவாதம். ட்ரோன் வைத்து ஏழாம் மாடி உயரத்துக்கே போய் நேராக எடுக்கலாம் என்று அவன் ஆசைப்பட்டான். ஈசூன் செம்பவாங் விமானப்படைத் தளத்துக்குப் பக்கம். தளத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிட முடியாது. ஆகவே அந்தப் பேச்சு சட்டத்தாலேயே முடிந்தது. ஆனால் அனுமதி கிடைத்திருந்தாலும் நான் மறுத்திருப்பேன். அந்தச் சட்டையை யாரும் நேராகப் பார்த்ததில்லை. அவள் எப்போதும் அண்ணாந்துதான் பார்த்தாள். அதனால் கேமராவைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கண் உயரத்தில், தரையிலிருந்து மேலே திருப்பினோம். நீளமான லென்ஸ், ஒரு குட்டி முக்காலி. பக்கத்து வீட்டுக் கழிகளில் படுக்கை விரிப்புகளும் பள்ளிச் சீருடைகளும் தொங்கின. அவற்றை எடுக்கச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. அத்தனை துணிகளுக்கு நடுவே ஒரு சட்டையைத் தேடுவதுதான் அந்தப் பிள்ளையின் வேலை. பார்ப்பவரும் கொஞ்சம் தேடட்டும்.

வெளிச்சம் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. சிங்கப்பூர் பூமத்திய ரேகையிலிருந்து ஒன்றரைப் பாகைக்கும் குறைவான தூரத்தில் இருப்பதால் வருடம் முழுக்கப் பகலின் நீளம் பத்து நிமிடம்கூட மாறாது. ஏறக்குறைய ஏழு மணிக்கு விடியும், ஏறக்குறைய ஏழு மணிக்கு இருட்டும். இதில் கடிகாரத்துக்கும் பங்கு உண்டு. 1982 ஜனவரி 1 அன்று, மலேசியாவோடு சேர்ந்து, சிங்கப்பூர் தன் நேரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தது. நாம் இருக்கிற தீர்க்கரேகைப்படி பார்த்தால் நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் வேகம். உச்சி வெயில் ஒரு மணிக்குத்தான் வருகிறது. காட்சிகளுக்கு நேரம் குறித்துக்கொண்டிருந்தபோது இதைப் படித்தேன். படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அங்கிளின் வேலை நேரமும் ஏழிலிருந்து ஏழு. அதாவது சூரியன் இல்லாத நேரம் எதுவோ அதுதான் அவர் வேலை நேரம், வருடத்தின் எந்த நாளிலும். வேறு நாட்டில் இரவுக் காவலருக்குக் கோடையில் கொஞ்சம் பகல் கிடைக்கலாம். இங்கே கிடைக்காது.

அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டோம். அங்கிள் வீட்டுக்கு வெளியே தெரிகிற எந்தக் காட்சியிலும் சூரியன் இருக்கக் கூடாது. அவர் கிளம்புவதும் வருவதும் வானம் கருநீலமாக இருக்கும் பொழுதில் மட்டும். இந்த ஊரில் அந்த நீலம் இருபது நிமிடம் நிற்கும், அவ்வளவுதான். குளிர்நாடுகளில் மணிக்கணக்கில் அந்தி நீள்வதைப் படங்களில் பார்த்துப் பழகிவிட்டு இங்கே வந்து படமெடுப்பவர்கள் ஏமாறுவது இதில்தான். படத்தில் ஆறு விநாடி வருகிற ஒரு பேருந்து நிறுத்தக் காட்சிக்காக மூன்று மாலைகள் நின்றோம். முதல் நாள் மழை. இரண்டாம் நாள் குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே கொண்டுவந்ததில் லென்ஸ் முழுக்கப் பனி படிந்துவிட்டது, துடைக்கத் துடைக்கப் படிந்தது, அது தெளிவதற்குள் இருபது நிமிடமும் போய்விட்டது. மூன்றாம் நாள் கேமராப் பையை ஒரு மணி நேரம் முன்பே, வீட்டு வாசல்களை ஒட்டி ஓடும் வெளிநடையில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

அப்புறம் முகம். அங்கிள் நல்ல கறுப்பு. வீவக புளோக்கின் கீழ்த்தளச் சுவரோ வெள்ளை. கேமராவைத் தானியங்கியில் விட்டால் அது சுவரைப் பார்த்து அளந்துகொண்டு அவரை நிழலாக்கிவிடும். இது இன்று நேற்று வந்த பிரச்சினை இல்லை. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் புகைப்படக் கூடங்களுக்கு அனுப்பிய வண்ணச் சோதனை அட்டைகளில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். ஷர்லி அட்டை என்றே அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று பல ஆண்டுகள் படங்கள் அச்சாயின. இன்றைய கேமராவிலும் அந்தப் பழக்கத்தின் மிச்சம் இருக்கிறது. முகத்தில் சீப்ரா கோடுகள் (வெளிச்சத்தின் அளவைக் காட்ட கேமராத் திரையில் விழும் வரிகள்) 70 விழுக்காட்டில் விழுந்தால் சரி என்று எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது வெளிர்ந்த தோலுக்கான கணக்கு. அங்கிள் முகத்தை அங்கே கொண்டுபோனால் அது அவர் முகமாகவே இல்லை, மாவு பூசியது போல இருந்தது. சோதனை செய்து பார்த்து 45க்கும் 50க்கும் நடுவில் வைத்தோம். பக்கவாட்டில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்து கன்னத்தில் சன்னல் வெளிச்சம் விழச் செய்தோம். சுவர் வெளுத்துப்போனால் போகட்டும் என்று விட்டுவிட்டோம். வண்ணம் சரிசெய்யும் கட்டத்தில், "முகத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கலாமே" என்று நல்லெண்ணத்தோடு ஒருவர் சொன்னார். செய்யவில்லை. தமிழ்ப் படங்களிலும் விளம்பரங்களிலும் எங்கள் அப்பாக்களின் நிறம் எத்தனை முறை மாற்றப்பட்டிருக்கிறது என்று தோழி கேட்டாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு எழவில்லை.

பல்லவியில் அவள் வெளிநடையில் நடந்து வருகிற காட்சியைப் பற்றியும் மாணவர்கள் நிறையக் கேட்டார்கள். அவள் உதடுகள் பாட்டோடு சரியாகப் பொருந்துகின்றன, ஆனால் அவள் பின்னலும் பாவாடையும் வெளிநடையில் காய்கிற துணிகளும் தண்ணீருக்குள் இருப்பது போல மெதுவாக அசைகின்றன. இது பழைய உத்தி. பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, அவளும் அதே வேகத்தில் வாயசைத்து, விநாடிக்கு 50 சட்டகமாக (ஃபிரேமாக) பதிவுசெய்து, 25 ஆகக் குறைத்து ஓட்டினால் உதடு சரியாகிவிடும், உலகம் பாதி வேகத்துக்கு வந்துவிடும். முதல் சோதனையில் கேமரா 60 சட்டகத்தில் இருந்தது. வெளிநடை விளக்கு படம் முழுக்கப் பட்டை பட்டையாகத் துடித்தது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு நூறு முறை துடிக்கிறது. கேமராவை 50க்கும் ஷட்டரை விநாடியில் நூறில் ஒரு பங்குக்கும் மாற்றியதும் பட்டைகள் மறைந்தன.

உத்தி அழகாக இருக்கிறது என்பதற்காக அதைச் செய்யவில்லை. தூங்குகிற ஒருவரை எழுப்பாமல் நடக்கும்போது உடம்பு தானாகவே மெதுவாகிவிடும், இல்லையா? செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வோம், சாவி குலுங்காமல் பிடித்துக்கொள்வோம். ஆனால் மனம் அதே வேகத்தில் ஓடும். அந்த இரண்டு வேகத்தையும் ஒரே சட்டகத்தில் வைக்க எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான். இதில் அவள் பட்ட பாடு பெரிது. இரட்டை வேகத்தில் 'ஏழாம்' என்ற சொல்லுக்கு நாக்கு மடங்க நேரமே இல்லை. ழகரம் வரவில்லை என்றால் தாடை வேறு மாதிரி அசைகிறது, மெதுவாக ஓட்டினால் அது அப்பட்டமாகத் தெரிகிறது. பதினான்காவது முறைதான் சரியாக வந்தது.

படத்தொகுப்பில் நடந்ததுதான் எனக்குப் பெரிய பாடம். நண்பனுக்குத் தமிழ் தெரியாது. வரிகளின் பொருளை நான் எழுதிக் கொடுத்திருந்தேன். முதல் தொகுப்பை அவன் தாளத்துக்கு வெட்டியிருந்தான், எல்லாரும் அப்படித்தான் வெட்டுவார்கள். தப்பில்லை, ஆனால் பாட்டோடு ஒட்டவில்லை. இரண்டு நாள் கழித்து வந்து கேட்டான்: "வரி தொடங்கும்போது ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வருகிறதே, சட்டை, சத்தம். அப்புறம் கதவு, கனவு. இது வேண்டுமென்றே வைத்ததா?" நான் அவனுக்கு மோனை என்றால் என்ன என்று சொன்னேன். பள்ளியில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த விஷயம். தமிழ் தெரியாத ஒருவன் காதாலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டான் என்பது எனக்கு மெய்சிலிர்ப்பாக இருந்தது. பிறகு சரணத்தில் வருகிற எதுகையைக் காட்டினேன்.

விளக்கு அணையுது வெளியே
களைப்பு உறங்குது உள்ளே

முதல் எழுத்து வேறு, இரண்டாம் எழுத்து இரண்டிலும் ளகர வருக்கம். அவன் கொஞ்ச நேரம் அந்த வரியையே ஓடவிட்டுக் கேட்டான். பிறகு தாளத்தை மறந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வெட்டினான். மோனை வருகிற வரிகளில் சொல் வாயிலிருந்து புறப்படும் இடத்திலேயே வெட்டு. எதுகை வருகிற வரிகளில் இரண்டாம் எழுத்து வரை காத்திருந்து, நான்கைந்து சட்டகம் தள்ளி வெட்டு. 25 சட்டகத்தில் ஒரு சட்டகம் 40 மில்லிவிநாடி, ஆக ஐந்தில் ஒரு விநாடிக்குள் நடக்கிற வித்தியாசம். யாரும் அதைக் கவனித்துச் சொல்லப்போவதில்லை. ஆனால் இரண்டு தொகுப்பையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்த என் பாட்டி, "இரண்டாவதுதான் பாடுது" என்றார்.

இரண்டாம் சரணம் மழை. நவம்பர், டிசம்பரில் மழை பெய்தால் கழியில் துணி போட முடியாது, சட்டை வீட்டுக்குள் காயும். கீழே நிற்கிற பிள்ளைக்கு அடையாளம் தொலைந்துவிடுகிறது. அப்பா போய்விட்டார் என்று நினைத்து மேலே ஓடுகிறாள், கிரில் கதவைப் படாரென்று தள்ளுகிறாள், உள்ளே அவர் எழுந்துவிடுகிறார். அவள் வாழ்க்கையில் உண்மையில் நடந்தது அது. அதற்குப் பிறகுதான் அவள் மழை நாட்களிலும் செருப்பைக் கையில் எடுக்கத் தொடங்கினாள். இந்தப் பகுதியில் நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. உண்மையான மழைக்காகக் காத்திருந்தோம், வந்தது, எடுத்தோம்.

எழுதி வைத்த முடிவு இப்படி: அவள் கதவை மெல்லத் திறந்து பார்க்கிறாள், அப்பா நன்றாகத் தூங்குகிறார், அவள் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போகிறாள். படப்பிடிப்பின் மூன்றாம் நாள், அவருக்கு விடுமுறை நாள். நடிக்க வேறு ஆள் தேடாமல் அவரையே கேட்டிருந்தோம். "இதுல நடிக்க என்ன இருக்கு, தினமும் படுக்கிறதுதானே" என்று ஒப்புக்கொண்டவர். கட்டிலில் படுத்தார். கேமரா ஓடியது. அவர் கண்ணைத் திறந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், கண்ணை மூடிக்கணும்" என்றேன்.

"ஏன்மா?"

"தூங்குற மாதிரி."

"அவ வர்ற நேரத்துல நான் எங்க தூங்குனேன்?" என்றார். "லிஃப்ட் சத்தம் கேக்கும், அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் கேக்காது, அப்புறம் கிரில் சத்தம். அதக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வரும்."

அறையில் யாரும் பேசவில்லை. அவள் கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். எத்தனை வருடம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏம்ப்பா சொல்லல?" என்று கேட்டாள். "நீ அவ்வளவு மெதுவா வர்றியே, கெடுப்பானேன்னு விட்டுட்டேன்" என்றார்.

அன்று அதற்கு மேல் எடுக்கவில்லை. வரிகளை மாற்றலாமா என்று பேசினோம். அவள் வேண்டாம் என்றாள், பாட்டு அந்தப் பிள்ளைக்குத் தெரிந்ததை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்றாள். அவள் சொன்னது சரி. ஆகவே அவருக்குத் தெரிந்ததை நாங்கள் படத்தில்தான் சொல்ல வேண்டியிருந்தது. கண் திறந்திருக்கும் காட்சியைப் போடலாம் என்றான் நண்பன். போட்டுப் பார்த்தோம், விளக்கம் சொல்வது போல இருந்தது. எடுத்துவிட்டோம்.

மறுநாள் நான் கடிகாரத்தோடு வெளிநடையில் நின்றேன். அவளை மின்தூக்கியிலிருந்து கிரில் வரை, பள்ளி நாட்களில் நடந்தது போலவே, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கச் சொன்னேன். மூன்று முறை நடந்தாள். 11 விநாடி, 11, அப்புறம் 12.

சட்டை தொங்குகிற நேரம் அதுதான். கடைசிப் பல்லவிக்கு முன்னால் மின்தூக்கியின் மணி ஒலிக்கிறது, பாட்டு நிற்கிறது, சட்டை ஆடுகிறது, 11 விநாடி காலடி எதுவும் கேட்பதில்லை. ஒலிப்பதிவுத் தோழி மைக்கை வெளிநடையில் வைக்கவில்லை. உள்ளே, அவர் கட்டிலின் தலைமாட்டில், தலையணை உயரத்தில் வைத்தாள். மின்விசிறி சுற்றுகிற ஓசை, தூரத்தில் எம்ஆர்டி ரயில் போகிற ஓசை. பிறகு கிரில் கதவு, மிக மெல்ல.

அதற்குப் பின் துணி உரசுவது போல ஒரு சிறு சத்தம் இருக்கிறது. காதொலிக் கருவியில் கேட்டால்தான் தெரியும். நாங்கள் கேட்டு வாங்கிய சத்தமில்லை, பதிவில் தானாக விழுந்திருந்தது. அங்கிள் புரண்டு படுத்தார்.